மீன்தொட்டிக்குப் புது ஃபில்டரா? பழைய ஸ்பாஞ்சை எறிந்துவிடாதீர்கள்!

தண்ணீரில் மிதக்கும் அழுக்கைப் பிடிப்பதுதான் ஃபில்டரின் வேலை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கொழகொழவென்று பழுப்பேறிய ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, பெரிய புது ஃபில்டராக வாங்கி மாட்டினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் கோல்டு ஃபிஷ்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம்.

1. அந்தப் பழுப்பு வழவழப்புதான் ஃபில்டரின் உயிர். மீன் வெளியேற்றும் அம்மோனியா கொடிய விஷம். ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். வேறு பாக்டீரியாக்கள் அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றிவிடும். புது ஸ்பாஞ்சில் இவை பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை இரண்டு ஃபில்டரையும் சேர்த்தே ஓட்டுங்கள். இடம் இல்லையென்றால், பழைய ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் புதியதற்குள் திணித்துவிடுங்கள். பழைய ஸ்பாஞ்சைப் புதியதன் மேல் பிழிந்துவிட்டால் போதும் என்பார்கள். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

2. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி நிறையப் பிடித்தால் சுமார் 56 லிட்டர். மணிக்கு அதைப்போல் நாலைந்து மடங்கு தண்ணீரைச் சுற்றும் ஃபில்டர் தேவை. அழுக்கு சேரச் சேர வேகம் குறையும் என்பதால் 300 லிட்டர் என்று போட்டிருப்பதை வாங்கலாம். கோல்டு ஃபிஷ் கழிவு அதிகம் என்பதால் அதற்கு இன்னும் பெரியது நல்லது. ஃபைட்டர் மீனுக்கு வேகமான ஓட்டம் ஆகாது. ஏர் மோட்டாரில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரே அதற்குப் போதும்.

3. தண்ணீர் முதலில் ஸ்பாஞ்சைத் தாண்டி, பிறகு செராமிக் வளையங்களுக்குப் போகட்டும். மாறினால் வளையங்களின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும்.

4. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு மூன்று தடவை லேசாகப் பிழிந்தால் போதும். பளிச்சென்று வெளுக்க வேண்டியதில்லை. வளையங்களை இன்னொரு வாரம் அலசுங்கள்.

5. ஏர் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் வைக்க முடியுமென்றால் டியூபின் நடுவில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியே இறங்கி மோட்டாருக்குள் புகுந்துவிடும். பிளக்குக்குப் போகும் ஒயரும் ஓரிடத்தில் தாழ்வாகத் தொங்கட்டும். வழியும் சொட்டு அங்கேயே கீழே விழுந்துவிடும்.

6. மூடிய டப்பா மாதிரியான ஃபில்டர் சில மணி நேரம் நின்றுபோனால், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் நாறும். அதை அப்படியே ஓட்டாமல் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு ஓட்டுங்கள்.

7. முதல் மாதம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். புது மீன் விடாதீர்கள். வாரம் இருமுறை கால்வாசித் தண்ணீரை, குளோரின் நீக்கும் மருந்து கலந்து மாற்றுங்கள். மீன் மேல்மட்டத்திலேயே தவித்தால் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.