ஈயம் என்றால் எந்த ஈயம்?

தமிழ்ப்பள்ளியில் படித்த காலம் முழுதும் எனக்கு ஈயம் ஒன்றுதான். பேராக்கில் வளர்ந்த பிள்ளைக்கு ஈயம் என்றால் ஈயலம்பம். இல்லையேல் பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் அறிவியல் பாடத்தில் 'தீமா', 'பிளம்பும்' என இரண்டு தனிமங்கள் வந்து நின்றன. முன்னது வெள்ளீயம், பின்னது காரீயம். மலாய்மொழியில் காரீயத்தைத் 'தீமா ஹீத்தாம்' என்றும் சொல்வர். கறுப்பு ஈயம்! நம் 'கார்' என்ற அடையும் கருமைதானே? பேச்சில் நாம் அந்தக் 'கார்' என்பதை விட்டுவிட்டோம். அதனால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

என் சித்தப்பா வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். பழைய பேட்டரியை உடைத்து, அமிலத்தை லோங்காங்கில் ஊற்றிவிட்டு, உள்ளிருக்கும் தகடுகளைப் பால் டின்னில் போட்டு உருக்குவார். தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்கத்தான். காரீயம் 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், கரியடுப்பு போதும். விசிறிவிடுவது என் வேலை.

மூன்றாம் ஆண்டில் சுற்றுச்சூழல் வேதியியல் எடுத்தேன். காரீயத்தை நம் உடல் சுண்ணாம்புச்சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. விழுங்கும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறுபிள்ளைகளின் உடல் ஈர்க்கும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்ல ஓர் அளவே தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உருக்கும்போது எழும் புகை, வழித்துக் கொட்டும் கசடின் தூசி, இரண்டும் ஆபத்து. விசிறி பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது.

சட்டம் இல்லாமலில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், பெட்ரோலில் கலக்கும் காரீயத்தைக் கட்டுப்படுத்த 1985இல் விதிகள் வந்தன. (உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் அந்தப் பெட்ரோலைக் கைவிட்டது.) சில எண்ணெய் ஆலைகளைப் பிடித்தால் பெட்ரோலை அடக்கிவிடலாம். பேட்டரி அப்படியா? 2005ஆம் ஆண்டு விதிகளில் பழைய பேட்டரிக்கு எஸ்.டபிள்யூ. 102 என்ற குறியீடே உண்டு. 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்ற இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். ஆனால் பழைய இரும்பு வாங்குபவர் வாசலிலேயே எடை போட்டு ரொக்கம் தருகிறார். யார் எந்த விதியைப் புரட்டிப் பார்ப்பார்கள்? அமெரிக்காவின் பல மாநிலங்களில் புதிய பேட்டரி வாங்கும்போதே முன்பணம் பிடித்துவைத்து, பழையதைத் திருப்பித் தந்தால் கொடுத்துவிடுகிறார்கள். அபராதத்தைவிட இது நம்மவர்களுக்கு உறைக்கும் என்பது என் கருத்து.

தீபாவளி விடுமுறையில் சித்தப்பாவிடம் பேச்சை எடுத்தேன்.

"ஈயந்தானேம்மா? பாட்டி அதுல ரசமே வைக்கிறாங்க."

"அது வெள்ளீயம் சித்தப்பா, கலப்படம் இல்லாத வரைக்கும். நீங்க உருக்குறது காரீயம்."

விளக்கி முடித்தபோது அவர் அடுப்பைப் பார்க்கவில்லை. விசிறியோடு நின்ற தன் மகளைப் பார்த்தார்.

"இவளுக்கு ஆறு வயசும்மா. ரத்தம் எங்க போய் எடுக்கணும்?"

அடுத்த வாரம் மூவரும் போகிறோம். எனக்கும் எடுக்க வேண்டும்.