வீட்டு நாயின் மறைவும் நம் நினைவும்



உயிர்கள் ஒன்றற்கொன்று உதவி வாழ்தல் அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் நமக்குக் கற்பிக்கின்றது. அவ்வுண்மையை நம் இல்லங்களில் நாள்தோறும் கண்முன் காட்டுவது வீட்டு நாய். தெருவில் தாயைப் பிரிந்து கிடந்த குட்டியை எடுத்து வருகிறோம், பெயரிடுகிறோம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அது நம்முடன் வாழ்கின்றது. பின்னர் ஒரு நாள் இறக்கின்றது. அதன்பின் அதனை எவ்வாறு நினைப்பது? இவ்வினாவை நம் குடும்பங்களில் பலர் கூச்சத்துடனேயே கேட்கின்றனர். "நாய்க்காகவா அழுகிறாய்?" என்று பிறர் நகைப்பர் என்னும் தயக்கம் ஒருபுறம், சிறுவர்தம் அழுகையை ஆற்ற வழியறியாத தவிப்பு மறுபுறம்.

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பல்லாண்டுகள் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற யாம், இதனையும் ஒரு பாடமாகவே எழுத முற்பட்டோம். இப்பாடத்தை எமக்குக் கற்பித்தவை எம் இல்லத்தில் வாழ்ந்து மறைந்த இரண்டு நாய்கள். அவற்றுள் ஒன்றிற்கு யாம் இழைத்த பிழையையும் மறையாது கூறுவோம்.

கல்லில் நின்ற நாய்கள்

இறந்த நாயை நினைத்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமையுடையது. ஆநிரை காக்கும் பூசலில் பட்ட வீரன் ஒருவனுக்கு எடுக்கப்பெற்ற அக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டுப் பெயருடன் குறிக்கின்றது. அக்காலத்துச் சிற்றூர் மக்கள் நாயின் நன்றியை மறவாமல் கல்லில் எழுதி வைத்தனர்.

கருநாடகத்தில் ஆதகூர் என்னுமிடத்துக் கல்வெட்டும் இத்தகையதே. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50ஐச் சார்ந்த அக்கல், காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது மடிந்ததைக் கூறுகின்றது. அந்நாயின் ஆற்றலை வியக்கலாம். ஆயினும் அதனைக் கொலைத்தொழிலுக்குப் பழக்கியவர் மனிதர் அல்லரோ? எனவே இறந்த நாயை நினைத்தால் மட்டும் போதாது. எதனைப் போற்றி நினைக்கிறோம் என்பதையும் ஆராய வேண்டும்.

சீவகன் காட்டிய வழி

நம் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியில் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நிகழ்ச்சியை நம் இல்லத்துச் சிறுவர் அனைவரும் அறிதல் வேண்டும். நகர மாந்தர் நீர்விளையாட்டில் மகிழ்ந்திருந்த நாளில், உணவைத் தீண்டிவிட்டதென்று சிலர் சினந்து ஒரு நாயை அடித்து வீழ்த்தினர். அஃது உயிர் போகும் நிலையில் துடிக்கக் கண்ட சீவகன், அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். நாயுடலை விட்ட அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. தன் முற்பிறப்பை உணர்ந்து சீவகனைத் தேடி வந்து நன்றி கூறியது. பின்னர்க் கட்டியங்காரனால் சீவகன் உயிருக்கே இடர் நேர்ந்தபொழுது அவனைக் காத்ததும் அத்தேவனே.

இங்கு நாம் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, அந்நாய் சீவகன் வளர்த்ததன்று, வழியில் கண்டது. மற்றொன்று, அவன் உதவி அந்நாய்க்கு உயிர் இருக்கும்பொழுதே சென்று சேர்ந்தது. அது மறைந்தபின் அவன் சடங்கு ஏதும் செய்தானல்லன். நாயின் செவியும் அறவுரை கேட்கத் தகுதியுடையது என்னும் கொள்கை நம் சமயத்தில் ஆழ வேரூன்றியது. மனத்தோடு கூடிய ஐம்பொறி விலங்குகள் நற்காட்சியும் பெறலாம் என்று ஆகமம் கூறும். சமவசரணத்தின் பன்னிரு அவைகளுள் ஒன்று விலங்குகட்கு உரியது. அறத்தால் நாயும் தேவனாகும், பாவத்தால் தேவனும் நாயாவான் என்னும் கருத்தைச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டகத்தில் அருளியுள்ளார். ஆதலின் நாயை இழந்து வருந்துவோரை எள்ளி நகையாடுதல் நமக்குத் தகாது.

சங்கிலியின் வடு

இனி எம் பிழையைக் கூறுவோம். 1989ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எம் கணவர் சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு குட்டியை எடுத்து வந்தார். மணி என்று பெயரிட்டோம். ஞாயிறு மறையுமுன் உண்ணும் எம் வழக்கம் அதற்கும் பழகிவிட்டது. அந்தி நெருங்கினால் தன் தட்டின் அருகே வந்து அமர்ந்துவிடும். ஆயினும் தெருவில் போவோரைக் குரைக்கின்றதென்று, வளர்ந்தபின் அதனைக் கொல்லைப்புற வேம்பில் சங்கிலியால் கட்டினோம். முதலில் பகலில் மட்டும், பின்னர் எப்பொழுதும்.

1996ஆம் ஆண்டு கத்திரி வெயில் நாளொன்றில் குடும்பத்துடன் வெளியூர்க் கோயில் விழாவிற்குச் சென்றோம். சோறும் நீரும் வைத்துவிட்டே சென்றோம். மாலையில் திரும்புவதாக இருந்தோம். அறவுரை நிகழ்ச்சி நீண்டமையால் மறுநாள் காலையில்தான் வீடு வந்தோம். மணி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி முழுவதும் அடிமரத்தில் சுருண்டு, தலையைத் திருப்பவும் இடமின்றிக் கிடந்தது. நீர்ச்சட்டி கவிழ்ந்திருந்தது. எம்மைக் கண்டதும் வாலை மட்டும் அசைத்தது. மருத்துவம் செய்தும் பயனில்லை. மூன்றாம் நாள் இறந்தது. கொல்லாமையைப் பற்றிய உரையை அமர்ந்து கேட்டிருந்த அதே பொழுதில் எம் வீட்டில் ஓர் உயிர் நீரின்றித் தவித்தது.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படும். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவிறந்த சுமை ஏற்றுதல், உணவும் நீரும் கிடைக்காமல் செய்தல் என்பன அவை. இவற்றை யாம் வகுப்பில் எத்தனையோ முறை வரிசை மாறாமல் ஒப்பித்திருக்கிறோம். கட்ட நேரின் தீ முதலிய இடர் வருங்கால் தானே விடுவித்துக்கொள்ளும்படி தளர்வாகக் கட்டுதல் வேண்டும் என்று உரை வகுத்தோர் விளக்கியதையும் படித்திருக்கிறோம். ஐந்தனுள் முதலாவதையும் இறுதியானதையும் எம் கொல்லைப்புறத்திலேயே செய்துவிட்டோம்.

அதன்பின் பல்லாண்டுகள், மணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதன் அறிவையும் அன்பையுமே எம் மக்களிடம் கூறி வந்தோம். சங்கிலியைப் பற்றிக் கூறியதில்லை. அந்நினைவு எமக்கு இனிமையாக இருந்தது, உண்மையாக இல்லை. நம் பிரதிக்கிரமணத்தில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகிறோமே, அவ்வுயிர்களுள் மணியும் ஒன்றென்று எண்ணி, அதன் பெயரைச் சொல்லி வேண்டிய நாளில்தான் எம் நெஞ்சு சிறிது இளகிற்று.

பாற்கிண்ணம்

2003இல் கருப்பி வந்தது. தெருவில் வாழ்ந்த இளம்பெண் நாய் அது. சங்கிலிக்கு மாறாகக் கொல்லையைச் சுற்றி வேலி அமைத்தோம். கருத்தடை அறுவை செய்வித்து, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவித்தோம். பதின்மூன்று ஆண்டுகள் கட்டின்றி வாழ்ந்து, 2016இல் சிறுநீரகம் பழுதுற்றுப் படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் நல்லவர்; ஊசியிட்டு அதன் துன்பத்தை முடிக்கலாம் என்றார். யாம் அதற்கு இசையாமல் வலியைத் தணிக்கும் மருந்தை மட்டும் வேண்டினோம். இரண்டு இரவுகள் அதன் அருகிலேயே அமர்ந்து, நாவை நனைத்து, செவியில் பஞ்ச நமஸ்காரத்தை மெல்ல ஓதினோம். விடியுமுன் மூச்சு அடங்கிற்று. அது எக்கதி அடைந்தது என்பதைக் கேவலஞானியரே அறிவர், யாம் அறியோம்.

அப்பொழுது எம் பேரனுக்கு ஒன்பது வயது. புதைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தவன் கேட்டான்: "ஆயா, கருப்பி இப்போ எங்கே இருக்கும்? பசிச்சா என்ன செய்யும்?" அவன் அழுகையைக் காணப் பொறாமல், "இங்கேதான் சுத்திக்கிட்டு இருக்கும் கண்ணு" என்று கூறிவிட்டோம். ஆசிரியராய் இருந்தும் தவறான விடை கூறினோம். அன்று இரவு அவன் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி அவ்விடத்தில் வைத்துவிட்டான். காலையில் பார்த்தால் பால் முழுவதும் எறும்புகள் மிதந்தன. பிள்ளை கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான் கொன்னுட்டேனா?" என்று கேட்டபொழுது எமக்கு மறுமொழி எழவில்லை. பிழை அவனதன்று, எம் பொய்யாறுதலே அவ்வுயிர்களைக் கொன்றது.

அன்று மாலை அவனை அருகமர்த்தி உண்மையைக் கூறினோம். உடலை விட்ட உயிர் பசியோடு வீட்டைச் சுற்றி அலைவதில்லை. சில சமயங்களுக்குள் தன் வினைக்கேற்ப வேறோர் உடலை அடைந்துவிடும். சமயம் என்பது இமைப்பொழுதினும் மிக நுண்ணிய காலம். புதைத்த இடத்தில் வைக்கும் உணவு அதனைச் சென்று சேராது. அவன் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ கருப்பி எங்கேயோ குட்டியா பிறந்திருக்குமா? அதுக்கு யார் சோறு போடுவாங்க?" என்றான். "யாராவது ஒருவர் போட வேண்டும், நம் தெருக் குட்டிக்கு நாம் போடுவோம்" என்றோம். மறுநாள் முதல் அவன் அழுகை குறைந்தது.

நினைக்கும் முறை

விரும்பிய ஒன்றைப் பிரிந்து அதனையே எண்ணி எண்ணி நைதல் ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகை; அது விலங்குகதிக்கு ஏதுவாகும் என்பர் ஆன்றோர். இதனைக் கூறி அழுவோரை அச்சுறுத்த வேண்டா. பிரிவின்போது கண்ணீர் வருதல் இயல்பு. அக்கண்ணீரோடு மனம் தேங்கி நிற்காமல் அடுத்த செயலுக்குச் செல்லும்படி கைபிடித்து அழைத்தல் பெரியோர் கடமை. அதற்கு யாம் கண்ட படிகள் நான்கு.

முதலாவது, உண்மையை நினைத்தல். அவ்வுயிர் நமக்குச் செய்த நன்மையையும் நாம் அதற்குச் செய்த குறையையும் ஒருங்கே பிள்ளைகளிடம் கூறுக.

இரண்டாவது, பொறுத்தருள வேண்டுதல். சாமாயிகத்தின்போது அதன் பெயரைச் சொல்லியே வேண்டலாம்.

மூன்றாவது, உலகமூடத்தை விலக்குதல். சமாதிக்குப் படையல், திதி முதலியன நம் நெறியல்ல. புகைப்படம் ஒன்றை வைத்திருத்தல் தவறன்று. அதற்கு மாலையிட்டு வழிபடுதல் வேண்டா. புதைக்கும்போதும் குழியை ஆழமாகத் தோண்டுக. வேறு விலங்குகள் கிளறாதிருக்கும்.

நான்காவது, தானம். நால்வகைத் தானங்களையும் இதற்குப் பொருத்திக் காணலாம். ஆகாரதானமாகத் தெருநாய்க்கு உணவளிக்கலாம். அதிலும் கவனம் தேவை. வெங்காயமும் பூண்டும் நாய்க்குத் தீங்கு செய்வன. உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. ஆதலால் திராட்சை இட்ட சர்க்கரைப் பொங்கலை அன்பினால்கூட ஊட்டற்க. தயிர்ச்சோறும் பருப்புச்சோறும் போதும். கோடையில் வாசலில் வடிகட்டிய நீர் வைத்து நாள்தோறும் மாற்றுக. தேங்கிய நீரில் கொசுப்புழு தோன்றிப் பின்னர் அவற்றைக் கொட்டி அழிக்க நேரும். ஔடததானமாக ஒரு தெருநாயின் தடுப்பூசிச் செலவை ஏற்கலாம். வெறிநோய் முற்றியபின் மனிதரையும் நாயையும் காத்தல் அரிது. ஆதலின் இத்தானம் ஊரார்க்கும் காவலாகும். அபயதானமாக, கல்லெறியும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தலாம். சாத்திரதானமாக, சுதஞ்சணன் வரலாற்றை அப்பிள்ளைகளுக்கே சொல்லலாம்.

எம் கொல்லை வேம்பில் சங்கிலி உராய்ந்த வடு இன்றும் உள்ளது. அதன் அடியில் ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறோம். நாள்தோறும் காலையில் நீரை மாற்றும்போது மணியை நினைக்கிறோம். தெருநாய்கள் வேலியின் திறப்பு வழியே வந்து குடித்துச் செல்கின்றன. அவற்றுள் எதனையும் யாம் கட்டுவதில்லை.

இல்லத்தில் பிள்ளைகளோடு சிந்திக்க

1. சீவகன் ஐம்பத மந்திரம் ஓதிய நாய் யாருடையது? அவன் அதற்கு ஏன் உதவினான்?

2. கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறுக. அவற்றுள் நம் வீட்டில் நிகழக்கூடியவை எவை?

3. பாற்கிண்ணம் வைத்த சிறுவனின் எண்ணம் நல்லதே. அச்செயல் தீமையில் முடிந்தது ஏன்? அப்பாலை வேறு எவ்வாறு பயன்படுத்தியிருக்கலாம்?

4. நம் இல்லத்தில் வாழ்ந்து மறைந்த ஓர் உயிரின் பெயரைக் கூறி, அதன் நினைவாக இவ்வாரம் செய்யவிருக்கும் ஒரு நற்செயலை எழுதுக.

நான்காம் வினாவிற்குப் பெற்றோரும் விடை எழுதுதல் நன்று.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! அருகன் அறம் ஓங்குக!