வெள்ளைக் கோட்டுச் சாலைகள்

அன்பு பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நிதானமாகப் படித்தேன். மூன்று நாள், லுவார் ஆற்றங்கரை, ஏழு அரண்மனை, நாளுக்கு 90 கிலோமீட்டர். லியோனுக்குப் படிக்கப் போன முதல் வருடமே ஒரு பழைய சைக்கிளை வாங்கிக் கிளம்பத் துணிந்துவிட்டாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருந்தாலும், இந்தத் திட்டத்தை விட்டுவிடு என்றுதான் சொல்லப் போகிறேன். அரண்மனைகளை அப்பா அம்மா வரும்போது காரில் கூட்டிப்போய்க் காட்டு. சைக்கிளுக்கென்றே அமைந்த சீமை ஒன்று உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லியோனில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் மாக்கோன். அங்கே தொடங்குகிறது தெற்கு பர்கண்டி.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பாய். க்ளூனி இருந்தது. 910-இல் தொடங்கிய மடம். இருநூறு ஆண்டுக்குள் ஐரோப்பா முழுக்க அதன் கிளை மடங்கள் பரவிவிட்டன. 1088-இல் அங்கே எழுப்பத் தொடங்கிய தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் புனித பேதுரு பேராலயம் புதிதாக எழும்பும் வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரியது கிடையாது. பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1798-இல் அதை விற்றார்கள். வாங்கிய வணிகர்கள் நடுக்கூடத்தின் குறுக்கே தெருவே போட்டார்கள். வெடி வைத்துத் தகர்த்து, கல்லை வண்டி வண்டியாக விற்றார்கள். 1823 வரை நடந்தது அந்த வேலை. இன்றைக்கு முக்கியமான மிச்சம், குறுக்குக்கூடத்தின் தென்பக்கமும் அதன் மேல் நிற்கும் எண்கோண மணிக்கோபுரமும்தான். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

பெரியது போய்விட்டது. ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களில் அதே காலத்தில் கட்டிய சின்னச் சின்னக் கோயில்களில் பலவற்றை யாரும் இடிக்கவில்லை. இடித்து விற்று லாபம் பார்க்கும் அளவுக்கு அவற்றில் கல் இல்லை. அந்தச் சீமையின் சொத்து ஒரே இடத்தில் இல்லாமல், நாலைந்து கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிறது. காரில் போகிறவருக்கு இரண்டு கோயிலுக்கு நடுவே இருப்பது வெறும் தூரம். சைக்கிளில் போகிறவளுக்குத்தான் அது வயலும் மேடும் கல் சுவருமாகக் கண்ணில் படும். அதனால்தான் உன்னை அங்கே போகச் சொல்கிறேன்.

முதலில் மிஷெலின் வரைபடம் ஒன்று காகிதத்தில் வாங்கு. 1891-இல் கழற்றி மாட்டும் சைக்கிள் டயரைச் செய்து பெயர் வாங்கிய அதே கம்பெனிதான். சிவப்புக் கோடு பெரிய சாலை, அந்தப் பக்கமே போகாதே. மஞ்சள் நடுத்தரம். வெள்ளைக் கோடுதான் உன் சாலை. ஓரத்தில் பச்சை தீட்டியிருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று அர்த்தம். கோட்டின் மேல் அம்புமுனை போட்டிருந்தால் மேடு. கைபேசி உனக்குக் குறுக்கு வழி காட்டும். எந்த வழியில் போகலாம் என்று உன்னையே யோசிக்க வைப்பது காகிதம்.

இரண்டு நாள் போதும். முதல் நாள் மாக்கோனிலிருந்து க்ளூனிக்கு, பழைய ரயில் பாதையில். தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சைக்கிளுக்கும் நடப்பவர்க்கும் கொடுத்துவிட்ட பாதைகளை அங்கே ‘வுவா வெர்த்’ என்பார்கள், பசுமை வழி. பிரான்சில் முதன்முதலாக 1997-இல் திறந்ததே க்ளூனிக்கு வடக்கே இதன் தொடர்ச்சிதான். ரயில் ஓடிய பாதை என்பதால் மேடு தெரியாது. நடுவே பெர்ஸே-லா-வில் ஊரில் ஏறிப்போய், துறவிகளின் சிற்றாலயத்தைப் பார். க்ளூனிப் பேராலயத்தைத் தொடங்கிய மடாதிபதி ஹ்யூ தம் கடைசிக் காலத்தில் ஓய்வெடுக்க வந்த இடம் அது. சுவரில் 12-ஆம் நூற்றாண்டு ஓவியம். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கிடந்து 1887-இல்தான் வெளியே வந்தது. இடிந்துபோன க்ளூனியின் உட்புறம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதைத் தாண்டினால் புவா க்ளேர் சுரங்கம், 1,600 மீட்டர். உள்ளே கோடையிலும் குளிரும். மேல்சட்டையைப் பையின் அடியில் திணித்துவிடாதே. குளிர்காலத்தில் வௌவால்களுக்காகச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், அப்போது மலைச்சாலையில்தான் ஏற வேண்டும்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். க்ளூனியிலிருந்து தைஸே வழியாகக் கொர்மத்தான் வரை அதே பசுமை வழியில் போ. அங்கே அதை விட்டு விலகு. ரயில் பாதை ஊர்களின் ஓரமாகப் போகும். சாலைதான் ஊருக்குள் நுழையும். டி-14 என்ற சாலையைப் பிடி. எண்ணும் ஊர்ப் பெயரும் எழுதி, தலையில் மஞ்சள் பூசிய கிலோமீட்டர் கல் ஓரத்தில் நிற்கும். சற்று தூரத்தில் ஷப்பேஸ். சில வீடுகள், அவற்றுக்குப் பொருந்தாத உயரத்தில் ஒரு கோபுரம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில். உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகும் வரை நில். சிற்பம் கிடையாது. இரண்டு பேர் கை கோத்தாலும் பிடிபடாத உருண்டைத் தூண்கள் மட்டுமே. கிட்டப் போய்ப் பார்: ஒரே கல் இல்லை, செங்கல் அளவுக்கு உடைத்த சின்னச் சுண்ணாம்புக் கற்களை வளையம் வளையமாக அடுக்கியிருப்பார்கள். நீ கடந்து வந்த வயல்களின் கல் சுவரிலும் அதே கல்லைப் பார்த்திருப்பாய்.

வழியில் துணி துவைக்கும் கூடங்களையும் விட்டுவிடாதே. கூரை போட்ட தொட்டி. சுற்றிலும் தண்ணீர்ப் பக்கம் சரிந்த கல் விளிம்பு. விளிம்பில் கை வைத்துப் பார். பெண்கள் மண்டியிட்டுத் துவைத்துத் துவைத்து வழவழப்பாகிப் போன இடங்கள் தனித்தனியாகத் தட்டுப்படும். அவர்களைப் பற்றி எந்தப் பலகையும் அங்கே இருக்காது.

ஊர் நடுவே நிற்கும் போர் நினைவுக் கல்லில் மட்டும் பெயர்கள் இருக்கும். முதல் உலகப்போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் செத்தார்கள். இருபது வீடு உள்ள ஊரிலும் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும். இறங்கி நின்று படி. அந்தப் பாதைகளின் அமைதியை இனிமை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஆள் குறைந்துபோனதும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஷப்பேஸைத் தாண்டினால் பிரான்சியோன் மேடு. இங்கே உனக்குச் சேந்த்-எத்தியென் நகரத்தில் வாழ்ந்த போல் தெ விவி என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெலோசியோ என்ற பெயரில் எழுதியவர். 1853-இல் பிறந்து 1930-இல் மறைந்தார். கியர் மாற்றும் சைக்கிளுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் சங்கிலியை இடம் மாற்றும் டெரெய்லர் கியரை அனுமதித்ததோ 1937-இல்தான், அவர் போன பிறகு. பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, வீம்புக்காக மிதிக்காதே என்பது அவர் சொன்னதன் சாரம். நானும் அதையே சொல்கிறேன். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடு. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளு, அதில் ஒரு குறைவும் இல்லை. உச்சியில் பிரான்சியோன்: கோட்டை, மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தைக் கூடம், விளிம்பில் கல் பலகைக் கூரை போட்ட கோயில். கார்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும் என்பதால் உள்ளே காலடிச் சத்தம் மட்டும்தான்.

இப்போது கவனமாகக் கேள். நீ இடப்பக்கம் ஓட்டி வளர்ந்தவள், அங்கே வலப்பக்கம். லியோன் நெரிசலில் தவறு வராது, முன்னால் போகிற வண்டியே உன்னை வழிநடத்தும். ஆளில்லாத கிராமச் சாலையில், படம் எடுக்க நின்றுவிட்டு மறுபடி ஏறும் நொடியில்தான் பழைய பழக்கம் வரும். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் ‘வலம்’ என்று வாய்விட்டுச் சொல். இன்னொன்று: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. சந்திலிருந்து வரும் டிராக்டர் உனக்காக நிற்காது, நிற்க வேண்டியதும் இல்லை. ஊருக்கு வெளியே உன்னை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலோர் மதிப்பார்கள், ஆனாலும் வளைவில் நடுச்சாலைக்கு வராதே. ஊருக்கு வெளியே மங்கலிலும் இருட்டிலும் ஒளிரும் மேலங்கி கட்டாயம்.

சாப்பாட்டை நேரத்தோடு பார்த்துக்கொள். கிராமத்து ரொட்டிக் கடைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பல ஊர்களில் திங்கட்கிழமை. பகல் 12-லிருந்து 2 வரை கடைகள் சாத்தியிருக்கும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எதையும் எதிர்பார்க்காதே. தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடு, அங்கே குழாய் இருக்கும். குடிக்க ஆகாது என்று பலகை இருந்தால் தொடாதே. யாரிடம் எது கேட்பதானாலும் முதலில் ‘போன்ழூர்’ சொல்லிவிட்டுக் கேள்.

பிரான்சியோனிலிருந்து தூர்னு வரை பெரும்பாலும் இறக்கம். தூர்னுவில், வைக்கிங் படையெடுப்புக்கு அஞ்சி அட்லாண்டிக் கரையிலிருந்து தங்கள் புனிதரின் உடலோடு அலைந்த துறவிகள் 875-இல் வந்து தங்கிய மடம் இருக்கிறது. கோயிலைப் பார்த்துவிட்டு அங்கேயே லியோனுக்கு ரயிலேறலாம். வட்டார ரயிலில் இடமிருந்தால் சைக்கிளை ஏற்ற விடுவார்கள். அந்தந்தப் பருவத்து விதியை முதல் நாளே பார்த்து வை.

மே மாதம் தேர்வு முடிந்ததும் போ. சைக்கிளின் டயர் அளவையும், பின் சக்கரத்துப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்பதையும் எண்ணி எழுது. 28 பல்லுக்குக் குறைவாக இருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிட வேண்டும். அந்தச் செலவு என்னுடையது.

அன்புடன்,
பெரியப்பா