கடல் தாண்டுமுன் ஏற்காடு ஏறுங்கள்

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "தாத்தா, போன்ல என்னென்ன ஆப் போட்டுக்கணும்?" சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பையன், மலேசியா சுற்றிப் பார்க்கப் போகிற புதுத் தம்பதி, இலங்கைக் கோயில்களைத் தரிசிக்கக் கிளம்பும் குடும்பம் என்று யார் வந்தாலும் இதுதான் கேள்வி. நான் சொல்வதும் ஒன்றுதான். பெயர்ப் பட்டியல் அப்புறம் இருக்கட்டும் கண்ணு. போட்ட ஆப்களோடு ஒரு நாள் ஏற்காடு மலையைச் சுற்றி வா. கடல் கடந்த ஊரில் எது கைகொடுக்கும், எது கைவிடும் என்பது ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலேயே தெரிந்துவிடும்.

1. அடிவாரத்திலேயே டேட்டாவை அணைத்துவிடுங்கள். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவுக்கு முன்பே மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள், சாயங்காலம் வரை போடாதீர்கள். அந்நிய ஊரில் இறங்கிய முதல் ஒரு மணி நேரம் உங்கள் போன் இந்த நிலையில்தான் இருக்கும். நம்ம ஊர் சிம்மில் நெட் வராது, அந்த ஊர் சிம் வாங்கியிருக்க மாட்டீர்கள், விமான நிலைய வைஃபை வாசலைத் தாண்டியதும் போய்விடும். அப்போதும் வேலை செய்கிற ஆப்தான் முதலில் வேண்டும். மற்றதெல்லாம் தங்குமிடம் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் வரைபடம் என்று ஒன்று வரும். அதில் சேலம், ஏற்காடு, நாகலூர் எல்லாம் அடங்கும்படி கட்டத்தை இழுத்து இறக்குங்கள். நெட் இல்லாவிட்டால் நாம் நிற்கும் இடம் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, அதற்கு நெட் தேவையில்லை. டேட்டா இல்லாமலே நீலப் புள்ளி ஒவ்வொரு வளைவிலும் உங்களோடு திரும்பி ஏறுவதை வண்டியில் உட்கார்ந்தபடி பாருங்கள். அந்தத் தைரியம் பெரிது.

இன்னொன்றும் மலையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நெட் இல்லாதபோது கூகுள் மேப்ஸ் காருக்குத்தான் வழி சொல்லும். நடைக்கும் பஸ், ரயிலுக்கும் சொல்லாது. வெளிநாடு போகிறவர்களோ பெரும்பாலும் நடப்பவர்கள், ரயில் ஏறுபவர்கள். அதனால் ஆர்கானிக் மேப்ஸையும் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது, இறக்கி வைத்துவிட்டால் நடைபாதைக்கும் நெட் இல்லாமலே வழி காட்டும். ஏற்காடு ஏரியிலிருந்து லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் வரை அதை மட்டும் வைத்து நடந்து பழகுங்கள். போகிற ஊருக்கான வரைபடத்தையும் இங்கேயே இறக்கி, தங்குமிடம், ரயில் நிலையம், இந்தியத் தூதரகம் மூன்றையும் அதில் குறித்துவையுங்கள்.

3. வரைபடம் சொன்னாலும் ஆளைக் கேளுங்கள். எங்கள் மலையில் வரைபடம் காட்டும் குறுக்குவழி எஸ்டேட் கேட்டில் போய் முடிவதுண்டு. அது தனியார் நிலம், கேட் பூட்டியிருக்கும். குப்பனூர் வழியாகவும் மலைக்கு ஒரு பாதை இருக்கிறது. அன்றைக்கு எந்தப் பாதை சரி என்பது டீக்கடைக்காரருக்கும் வேன் டிரைவருக்கும்தான் தெரியும். அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுக் கேட்கிற கூச்சம் இங்கேயே போய்விட வேண்டும்.

4. ஓடிபி எங்கே வரும் என்று பாருங்கள். வெளிநாட்டில் ஆளைத் தவிக்க வைப்பதில் இதுதான் முதலிடம். அங்கே போய் நம்ம சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போடுகிறார்கள். பேங்க் அனுப்பும் ஓடிபி கழற்றிய சிம்முக்கு வருகிறது. கார்டு இருக்கும், கணக்கில் பணம் இருக்கும், எடுக்க முடியாது. அதனால் இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். கிளம்புமுன் அதில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிட்டு, குறுஞ்செய்தி மட்டும் வருகிற மாதிரி டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். இரண்டாவது இடத்தில் உள்ளூர் சிம் அல்லது இ-சிம். உங்கள் போன் இ-சிம் ஏற்குமா என்பதைச் செட்டிங்ஸில் இன்றே பாருங்கள். இரண்டு சிம்மையும் மாற்றிப் போட்டு டேட்டா எது, குறுஞ்செய்தி எது என்று ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் பிறகு கை தானாகச் செய்யும்.

5. பணத்துக்கு ஒரே வழியை நம்பாதீர்கள். சிக்னல் இல்லாத வியூ பாயிண்டில் மிளகாய் பஜ்ஜி வாங்கிவிட்டுக் க்யூஆர் முன்னால் போனை ஆட்டிக்கொண்டு நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். சட்டைப்பையில் சில்லறை நோட்டு எப்போதும் இருக்கட்டும். வெளிநாட்டிலும் இதேதான். இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரி 12 முதல் நம்ம யுபிஐ செல்லுகிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் சில கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அது தானாக வேலை செய்யாது, ஆப்பில் யுபிஐ இன்டர்நேஷனலைத் தனியாகத் திறந்துவிட வேண்டும். கார்டிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் பேங்க் ஆப்பில் திறக்க வேண்டும். கொஞ்சம் அந்த ஊர்ப் பணம் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

6. எந்தத் தாள் எங்கே செல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மலைப்பாதைச் சோதனையில் டிஜிலாக்கரில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டலாம். 2018-லேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதை ஏற்கச் சொல்லிவிட்டது. அது இந்திய எல்லையோடு சரி. வெளிநாட்டில் வண்டி ஓட்ட நினைத்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, இன்ஷூரன்ஸ், டிக்கெட் நான்கையும் போனுக்குள்ளேயே சேமித்து வைத்து, தாளிலும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் டிரைவில் மட்டும் வைத்தால் நெட் இல்லாத நேரத்தில் திறக்காது. சந்தேகமிருந்தால் பகோடா பாயிண்டில் நின்று டேட்டா இல்லாமல் திறந்து பாருங்கள்.

வருகை அட்டை விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் இப்போது இறங்குமுன் இணையத்தில் வருகை அட்டை நிரப்பச் சொல்கின்றன. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றுக்கும் கட்டணம் ஒரு பைசா கிடையாது. கூகுளில் தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே ஜோடித்த தனியார் தளங்கள் மேலே வந்து நின்று பணம் கேட்கும். பணம் கேட்டால் மூடிவிடுங்கள். சிங்கப்பூருக்கு அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் மைஐசிஏ ஆப்பே இருக்கிறது. அட்டை வேறு, விசா வேறு என்பதும் நினைவிருக்கட்டும். சிங்கப்பூர் போக நமக்கு விசா கட்டாயம்.

7. வானத்தைக் கேட்டுவிட்டு நடங்கள். வானிலைத் துறையின் மௌசம், இடி மின்னலுக்கு தாமினி, இந்த இரண்டு ஆப்பும் போதும். சித்திரை வைகாசியில் இங்கே மதியத்துக்கு மேல் இடி இறங்கும். சேர்வராயன் கோயில் இருக்கும் மொட்டை உச்சியில் நிற்கிறவர்கள் தாமினியைப் பார்க்காமல் நிற்கக் கூடாது, அதற்கு மட்டும் டேட்டாவைக் கொஞ்ச நேரம் போடலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நேரத்தில் கலெக்டர் அலுவலக அறிவிப்புதான் முதல் வார்த்தை. போகிற நாட்டிலும் அரசாங்க வானிலை ஆப் எது என்று பார்த்துப் போடுங்கள். சிங்கப்பூரில் அது மைஎன்வ்.

8. மொழிபெயர்ப்பைப் பெங்களூருக்காரர்களிடம் பழகுங்கள். சனி ஞாயிறுகளில் ஏரிக்கரையில் கன்னடம் நிறையக் கேட்கும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழையும் கன்னடத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு குடும்பத்திடம் அனுமதி கேட்டுப் பேசிப் பாருங்கள். நீண்ட வாக்கியம் பேசினால் ஆப் குழப்பும். "தண்ணீர் எங்கே கிடைக்கும்?" என்று குட்டையாகக் கேட்டால் சரியாகச் சொல்லும். பேசுவதைவிடக் கேமராவைப் பலகைமேல் காட்டிப் படிப்பது அதிகம் உதவும். மருந்துச் சீட்டு, அலர்ஜி இரண்டுக்கும் மட்டும் ஆப்பை நம்பாமல், முன்கூட்டியே அந்த ஊர் மொழியில் தெரிந்தவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

9. அவசர எண்களைக் கையால் எழுதி வையுங்கள். இங்கே 112, கூடவே தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி ஆப். சிங்கப்பூரில் போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. இலங்கையில் போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990. அந்த 1990 சேவை இந்தியாவின் நிதியுதவியில் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்கள் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளத்தையும் தெரிந்து வைத்திருங்கள், சம்பளம் வராவிட்டாலும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலும் அங்கே புகார் பதியலாம். துபாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே வாட்ஸ்ஆப்பில் செய்தி போகும், பேச முடியாது. அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், போன் வரவில்லை என்று ராத்திரி முழுக்கக் கலங்கிக்கொண்டிருப்பார்.

10. பவர் பேங்க் கைப்பையில்தான். செக்-இன் பெட்டியில் போட விடமாட்டார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதை வைத்து சார்ஜ் ஏற்றவும் தடை.

11. ரசிப்பதற்கும் இடம் வையுங்கள். மெர்லின் என்று ஒரு ஆப், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் உருவாக்கியது, இலவசம். தென்னிந்தியப் பறவைகள் தொகுப்பை இறக்கிக்கொண்டு, விடியற்காலை எஸ்டேட் ஓரச் சாலையில் நில்லுங்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலையில் காபி மரநிழலில்தான் வளர்கிறது. அந்த நிழல் மரங்களில்தான் பறவைகளும். ஆப்பில் ஒலியைக் கேட்கும் பொத்தானைத் தொட்டால் திரையில் சத்தம் கோடுகோடாக ஓடும். செம்மீசைச் சின்னான் கத்தினால் அதன் பெயர் எழும், மறுபடி கத்தும்போது அந்த வரி மஞ்சளாக ஒளிரும். நெட் வேண்டாம். சிங்கப்பூர்க் குடியிருப்புகளில் விடிகாலையில் நம்ம குயிலே கூவும். அங்கே முதல் வாரம் தூக்கம் வராத பிள்ளைகளுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று நேரில் கேட்டிருக்கிறேன். ஆப்பில் இருக்கும் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள், கூடு கட்டும் காலத்தில் அது பறவைக்குத் தொல்லை.

செடிகளுக்கு சீக் ஆப். அதை நம்பலாமா என்று சோதிக்க ஏற்காட்டைவிட நல்ல இடம் கிடையாது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் செடிக்குப் பெயர்ப் பலகை இருக்கும். பலகையைப் பார்க்காமல் ஆப்பிடம் கேளுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். பூ இருந்தால் கிட்டத்தட்டச் சொல்லும். வெறும் இலையைக் காட்டினால் பல நேரம் குடும்பப் பெயரோடு நின்றுவிடும். அப்படி நிற்பது நல்ல குணம், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற ஆப்தான் ஆபத்து. இங்கே பழகிய கண்ணோடு சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஆர்க்கிட் தோட்டத்துக்குள் போனால் இரண்டு மடங்கு பார்ப்பீர்கள். 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பூங்கா அது.

12. இந்த மலைப் பயணத்தைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து, நெட் இல்லாமல் திறக்காத ஆப்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதற்கு மாற்று என்ன என்று எழுதுங்கள்: நோட்டு, நகல், மனப்பாடமான எண், கேட்கத் தெரிந்த ஒரு வாக்கியம். ரோமிங், கார்டு அனுமதி, யுபிஐ மூன்றில் ஏதாவது சிக்கினால் பேங்குக்கு நேரில் போய்ச் சரிசெய்ய அந்த இரண்டு வாரம் வேண்டும். பிறகு டேட்டாவைப் போட்டு, வீட்டுக்கு ஒரு போன் பண்ணிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் சேலம் இறங்குங்கள்.