சான்றிதழும் சுத்தக் காற்றும்

அலுவலகக் கட்டடங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் வழங்குகிறார்கள். அமெரிக்காவின் 'லீட்' முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 80 பெற்றால் பிளாட்டினம். மின்சாரச் சிக்கனத்திற்குப் புள்ளி உண்டு. ஆனால் போதிய வெளிக்காற்று வருவது கட்டாய நிபந்தனை.

ஏன் இந்த நிபந்தனை? 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் அந்நாட்டார் சிக்கனம் கருதிக் கட்டடங்களை இறுக அடைத்தார்கள். 1981இல் ஏ.சி. பொறியாளர் சங்க விதி, புகைபிடிக்காத அலுவலகத்தில் ஆளுக்கு நிமிடத்திற்கு 5 கன அடி வெளிக்காற்றே போதும் என்றது. தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு என ஊழியர்கள் புகார் செய்தனர். 1989இல் அதை 20 கன அடியாக உயர்த்தினார்கள்.

முத்திரையிட்ட தராசு இருந்தாலும் நிறுக்கும் கை சரியாக இருக்க வேண்டுமென்பது நாம் அறிந்ததே. அதுபோல, சான்றிதழ் சுவரில் தொங்கினாலும், கரண்ட் மிச்சம் என்று காற்று வழியை மூடினால் பயனில்லை.

நமது கணக்கறைக்கும் இது பொருந்தும். சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆகவே நான்கைந்து பேர் அமரும் அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று பொருத்துவோம். எதிர்ச்சுவரில் காற்று நுழைய வழி விடுவோம். அது மிளகாய் மூட்டைப் பக்கம் வேண்டாம். கரண்ட் பில் சற்றுக் கூடும். கணக்குப்பிள்ளை தெளிவாக அமர்ந்து கணக்கு எழுதினால் அது நமக்கு லாபமே.