பாரவண்டியும் பழியும்

உழுபவன் விளைத்த நெல் உண்பவன் கலத்தை அடைதற்கு இடையே ஒரு வண்டி வேண்டும். பண்டைக் காலத்து உப்பு வாணிகர் எருது பூட்டிய சகடங்களிற் பாரம் ஏற்றிச் சென்றனர். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறிதல் கூடுமென்று கருதி, வேறோர் அச்சினையும் வண்டியின் கீழ்க் கட்டிக் கொண்டனர் என்பது புறநானூற்றால் அறியப்படும். வண்டியை ஓட்டுமுன்னரே வரக்கூடிய கேட்டினை எண்ணுதல் அவர்தம் வழக்கம். இக்காலத்தில் அவ்வேலையைச் செய்வது லாரி. அதன் பாரமும் விரைவும் பன்மடங்கு பெருகின. அவற்றிற்கேற்ற முன்னெண்ணம் பெருகிற்றா என்பதும், லாரியால் ஓருயிர் மாயின் அப்பழி யாரைச் சாரும் என்பதும் ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்களாம்.

முதற்கண் பாரவண்டியின் இயல்பினை நோக்குவோம். ஓடும் வண்டியின் விரைவு இருமடங்கானால், அதனை நிறுத்துதற்குத் தணிக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். பாரம் மிகுந்தாலும் அவ்வாற்றல் அதற்கேற்ப மிகும். மலைச்சரிவில் நெடுந்தூரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், அது சூடேறித் தன் பிடியை இழக்கும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையேயுள்ள தொப்பூர்க் கணவாயில் லாரிகள் பலகால் விபத்துக்குள்ளாவது யாவரும் அறிந்ததே. அத்தகைய சரிவில் தாழ்ந்த கியரில் மெல்ல இறங்குதலே முறை. இவையன்றித் தேய்ந்த டயர், பின்விளக்கின்றி இரவிற் சாலையோரத்தே நிறுத்திய வண்டி, பின்புறத்தே நீண்டு நிற்கும் இரும்புக் கம்பிகள் ஆகியவையும் உயிர் கவர்வனவே.

இவற்றினும் கொடியது உறக்கமின்மை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமுமே வேலைக்குரிய பொது அளவென்று வகுத்தது. ஆயினும், குறித்த நேரத்திற் சரக்கு சேராவிடிற் கூலி குறையும் என்னும் அச்சத்தால், இரவெல்லாம் கண்விழித்து ஓட்டுவோர் பலர். கண்ணயர்ந்தவன் வண்டியோட்டியே, ஆனால் அவனைக் கண்ணயரும் நிலைக்குக் கொணர்ந்தவர் யாவர்? பழியைப் பற்றிய ஆராய்ச்சி இவ்வினாவினின்றே தொடங்குகின்றது.

ஊரார் பெரும்பாலும் வண்டியோட்டியை மட்டுமே குற்றவாளியாகக் கொள்வர். பழைய நூல்களோ வேறு நெறியைக் காட்டுகின்றன. மனுநீதிச் சோழன் வரலாற்றினைச் சிலப்பதிகாரம் சுருக்கியும் பெரியபுராணம் விரித்தும் கூறும். தேரூர்ந்தவன் அரசிளங்குமரன், கன்றோ தானே துள்ளிச் சக்கரத்திடைப் புகுந்தது. இதனை அமைச்சர் எடுத்துரைத்தும் மன்னன் ஏற்றிலன். தன்னால் வரும் தீங்கை மட்டுமன்றித் தன்னைச் சார்ந்தோரால் வரும் தீங்கையும் நீக்குதல் காவலன் கடன் என்பது அவன் துணிபு. தண்டனையின் கடுமை இக்காலத்துக்கு ஒவ்வாதாயினும், தன்னைச் சார்ந்தோர் செயலுக்குத் தலைவன் விடையிறுக்க வேண்டும் என்னும் கருத்து என்றும் ஒப்பத்தக்கது.

விவிலியத்தில் யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரம் இதனினும் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்கின்றது. மாடொன்று ஒருவனை முட்டிக் கொன்றால், மாட்டைக் கொல்ல வேண்டும், உடையவன் குற்றமற்றவன். ஆனால், அம்மாடு முன்னரே முட்டும் இயல்புடையதாயிருந்து, அது தனக்கு அறிவிக்கப்பட்ட பின்னும் உடையவன் அதனைக் கட்டி வையாதிருந்தால், குற்றம் அவனையும் சாரும். அறிந்தும் வாளாவிருத்தலே இங்குக் குற்றம். பிரேக் தளர்ந்ததென்று வண்டியோட்டி சொல்லியும், "இம்முறை போய் வா" என்று அனுப்பும் முதலாளி, முட்டும் மாட்டினை அவிழ்த்து விட்டவனுக்கு ஒப்பாவான் என்க.

இனி, நம் நாட்டுச் சட்டத்தைக் காண்போம். பணியாள் தன் பணியைச் செய்கையில் விளைத்த கேட்டிற்குத் தலைவனும் ஈடு செய்யவேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்ட விதி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம், பிறர்க்கு நேரும் கேட்டினை ஈடு செய்யும் இன்ஷூரன்ஸ் இன்றி எவ்வண்டியும் பொதுவிடத்தில் ஓடலாகாது என்கின்றது. அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம். இத்தண்டம் ஓட்டியவனுக்கு மட்டுமன்று, ஓட்டச் செய்தவனுக்கும் ஓட்ட விட்டவனுக்கும் உரியது. அதிகப் பாரம் உடையவன் அறிவோடோ கட்டளையாலோ ஏற்றப்பட்டதென நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று அச்சட்டத்தின் 113ஆம் பிரிவு கூறுவது, முற்கூறிய யாத்திராகம நெறியை நமக்கு நினைவூட்டுகின்றது.

இறந்தவன் குடும்பத்துக்குரிய இழப்பீட்டை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கணக்கிடும் முறை அனைவரும் அறியத்தக்கது. 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அம்முறையை வரையறுத்தது. சான்றாக, தானே தொழில் செய்து மாதம் 12,000 ரூபாய் ஈட்டிய முப்பது வயதினன் ஒருவன் இறந்தான் எனவும், அவனை நம்பியிருந்தோர் நால்வர் எனவும் கொள்வோம். வருங்கால வளர்ச்சிக்காக 40 விழுக்காடு கூட்டினால் மாத வருவாய் 16,800, ஆண்டுக்கு 2,01,600. அவன் சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கு கழித்தால் எஞ்சுவது 1,51,200. அவன் வயதுக்குரிய 17ஆல் இதனைப் பெருக்கினால் 25,70,400 ரூபாய். ஈமச்செலவு முதலியன இதனோடு சேரும். மாண்ட உயிருக்கு இது விலையன்று. வெறுமையான அடுப்பில் மீண்டும் உலையேற்றும் வழியே இது.

வண்டியோட்டியிடம் உரிமம் இல்லையெனக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் எளிதில் விலகிவிடல் இயலாது. ஏழைக் குடும்பத்துக்கு முதலில் தொகையைச் செலுத்தி, பின்னர் உரியவழி உடையவனிடம் மீட்டுக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் பணித்துள்ளன. மோதிய வண்டி இன்னதென்று அறியப்படாவிடினும், 2022 முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2,00,000 ரூபாயும் கொடுங்காயம் உற்றவர்க்கு 50,000 ரூபாயும் அளிக்கும் திட்டம் உண்டு. தீர்ப்பாயத்தில் முறையிடுதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்த காலம் ஆறு மாதம். துயரில் மூழ்கிக் காலங்கடத்துவோர் தம் உரிமையைத் தாமே இடருக்கு உள்ளாக்குவர். தாம் வாழும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே முறையிடலாம் என்பதும் பலர் அறியாதது.

வண்டியோட்டிக்கும் கடமை உண்டு. காயமுற்றவரை அண்மையிலுள்ள மருத்துவரிடம் சேர்ப்பித்தலும் காவலர்க்கு அறிவித்தலும் அவன் மேலன. கூட்டத்தின் சீற்றத்தால் அது இயலாதாயின் முதற்கடமையினின்று சட்டமே அவனுக்கு விலக்களிக்கின்றது. அடித்துக் கொல்வரோ என்னும் அச்சத்தால் அவன் ஓடுகின்றான். அவன் ஓடியதால் குருதி சிந்தியவன் சாகின்றான். ஆகவே, கல்லெடுக்கும் கூட்டமும் அச்சாவில் ஒரு பங்கு கொள்கின்றதன்றோ? அடிபட்டவனை எடுத்துச் சென்ற நல்ல சமாரியனை வழக்கில் இழுத்து வருத்தாதபடி இன்று சட்டம் காக்கின்றது. ஆதலின் விலகிச் செல்வதற்கு நாம் காரணம் கூறுதற்கில்லை.

மாணவ நண்பர்காள்! நம்முள் சிலர் நாளை வணிகராவோம், சிலர் அலுவலராவோம், சிலர் நீதிமன்றம் புகுவோம். சரக்கு விரைந்து வரவேண்டுமென்று கடிதம் எழுதுங்கால், அக்கடிதம் யாருடைய உறக்கத்தைப் பறிக்கும் என எண்ணுவோமாக. வண்டி தகுதியுடையதென்று கையொப்பம் இடுங்கால், அவ்வண்டியின் எதிரே நடந்து வருபவர் நம் தாயாராகவும் இருக்கலாம் என நினைவோமாக. வேறோர் அச்சினைக் கட்டிச் சென்ற உமணரின் முன்னறிவு நமக்கும் வாய்ப்பின், தீர்ப்பாயத்தின் வாயிலிற் காத்து நிற்கும் கைம்பெண்டிர் தொகை குறையும்.