'ஒர்க்' என்றொரு சொல்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

கல்லூரியில் சேர வந்த அன்று, விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. 'ஃபாதர்ஸ் ஆக்குபேஷன்' என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் நின்ற அப்பாவைக் கேட்டேன். "வேலைன்னு போடுப்பா" என்றார். அவர் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கூலின்னு எழுது தம்பி, அவ்வளவுதான்" என்றார். எழுதினேன். எழுதியதை அப்பா பார்த்துவிடாதபடி தாளைத் திருப்பிக்கொண்டேன். அப்பாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அன்று முதல் 'ஒர்க்' என்னும் சொல்லையும் அதன் சுற்றத்தையும் நூலக அகராதிகளில் தேடி வருகிறேன். என்னைப்போல் தமிழ் வழியில் படித்து வந்த நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று இங்கே எழுதுகிறேன். ஆங்கில இலக்கிய மாணவர்கள் பிழை காணின் பொறுத்தருள்க.

முதலில் நாம் அனைவரும் செய்யும் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். "ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ் டுடே" என்கிறோம். தமிழில் 'பல வேலைகள்' என்பது சரி. ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் ஒர்க் என்பது தண்ணீரைப்போல எண்ண முடியாத பெயர்ச்சொல். "எ லாட் ஆஃப் ஒர்க்" என்றே சொல்லவேண்டும். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் 'ஜாப்', 'டாஸ்க்' ஆகியவை இருக்கின்றன. 'ஹோம் ஒர்க்ஸ்' என்பதும் தவறே. 'ஒர்க்ஸ்' என்று பன்மையில் வந்தால் பொருள் வேறாகிவிடும். ஷேக்ஸ்பியரின் ஒர்க்ஸ் அவருடைய படைப்புகள். பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் உள்ள ஒர்க்ஸ் கட்டுமானப் பணிகள். 'அயர்ன் ஒர்க்ஸ்' என்றால் இரும்பாலை.

ஜாப் என்பது சம்பளம் உள்ள ஒரு குறிப்பிட்ட இடம். ஒர்க் அப்படியன்று; சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒர்க்தான். என் அம்மாவுக்கு ஜாப் இல்லை. ஆகையால் "மை மதர் டஸ் நாட் ஒர்க்" என்று முதலாண்டுக் கட்டுரை ஒன்றில் எழுதியிருந்தேன். காலை நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிக்கிற அம்மாவைப் பற்றி! ஆசிரியர் அதைத் திருத்தவில்லை; வழக்கில் அது சரியான ஆங்கிலம்தான். ஆனால் 'ஹவுஸ் ஒர்க்' என்ற சொல்லையும் அதே ஆங்கிலேயர்தாம் வைத்திருக்கிறார்கள்.

'புரொஃபஷன்' என்பதன் வேரில் 'வெளிப்படையாக அறிவித்தல்' என்ற பொருள் உள்ளது. முற்காலத்தில் சமயம், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றுக்கே அப்பெயர் பொருந்தியது. 'டிரேட்' முதலில் தடம் அல்லது பாதையைக் குறித்தது. 'டாஸ்க்' என்பதும் வரியைக் குறிக்கும் 'டாக்ஸ்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. கடும் உழைப்பைக் குறிக்கும் 'டாயில்' என்ற சொல்லின் இலத்தீன் மூலம், ஒலிவக் காயை நசுக்கும் ஆலையின் பெயராம். இதைப் படித்தபோது, 1908இல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யின் நினைவே எனக்கு வந்தது.

இனி 'கூலி'க்கு வருவோம். தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இச்சொல் எவ்வளவு உயர்வாக வருகிறது என்பதை யாவரும் அறிவர். ஆங்கிலத்திலோ 'கூலி' என்பது மனிதன். அது நம் சொல்லிலிருந்து போனது என்று சிலரும், குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்தது என்று சிலரும் கூறுவர். எப்படி ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் ஏற்றிச் செல்லப்பட்ட நம் மக்களின் மேல் இப்பெயர் ஒட்டிக்கொண்டது. வாங்கும் பணத்தின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டால், ஆள் எங்கே போனான்? ரயில் நிலையச் சுமைதூக்குவோரை இனிக் கூலி என்னாமல் 'சஹாயக்' என்று அழைப்பதாக 2016ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

எங்கள் இயற்பியலிலும் ஒர்க் உண்டு. விசையையும், விசையின் திசையில் நிகழ்ந்த இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் வருவது. 1829இல் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் இப்பொருளில் வரையறுத்தார். 50 கிலோ மூட்டையை ஒன்றரை மீட்டர் உயர்த்தினால், 50 × 9.8 × 1.5 = 735 ஜூல். நூறு மூட்டைக்கு 73,500 ஜூல். ஒரு கிலோ கலோரி ஏறத்தாழ 4186 ஜூல் ஆகையால், இது 18 கிலோ கலோரிக்கும் குறைவு! தூக்கிய மூட்டையோடு லாரிக்காகக் காத்து நின்றால் வேலை சுழி. சமதரையில் சுமந்து நடந்தாலும் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை சுழியே.

இதை வகுப்பில் கேட்ட அன்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு பேராசிரியரே விளக்கினார். சுமையைத் தாங்கி நிற்கும்போது தசை இழைகள் சும்மா இருப்பதில்லை; உள்ளே ஓயாமல் பற்றியும் விட்டும் இயங்குகின்றன. உணவிலிருந்து வந்த ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. ஆகவே சமன்பாடும் பொய்யன்று, அப்பாவின் வியர்வையும் பொய்யன்று. மூட்டை அடைந்த ஆற்றல் வேறு, உடல் செலவிட்ட ஆற்றல் வேறு.

இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில் அதே கட்டம் வந்தது. மண்டியில் எல்லோரும் சொல்லும் 'லோடுமேன்' என்பதை எழுதலாமா என்று யோசித்தேன். நூலகத்தில் நான் பார்த்த அகராதிகளில் அது இல்லை. பிறகு, கேரளத்தில் 1978இல் இத்தொழிலாளருக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டதையும், அதில் 'ஹெட்லோட் ஒர்க்கர்' என்று வருவதையும் அறிந்தேன். கூலியாளுக்குப் பதில் ஒர்க்கர்! அதையே அழகாக எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன்.

"என்னன்னு எழுதியிருக்கே?"

"தலைச்சுமைத் தொழிலாளின்னு அர்த்தம்ப்பா."

அப்பா தாளைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். "தலையில எங்கடா தூக்குறேன்? முதுகுலதானே தூக்குறேன்" என்றார்.